‘டேக் எ நீ’, ‘பெண்ட் த நீ’: எங்கே மண்டியிடுவது, எங்கே முழங்காலூன்றுவது?

குழித்துறை_வரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு உள்ளூர்ச் சேனலுக்கு உலகச் செய்தி, விளையாட்டுச் செய்தி இரண்டுக்கும் தமிழ் வரி (சப்டைட்டில்) போடுகிற வேலை. ஆங்கிலத்தில் முழங்காலை (‘நீ’) வைத்து வருகிற மரபுத்தொடர்களில்தான் மாட்டிக்கொள்கிறேன். மென்பொருளில் போட்டால் ‘முழங்காலை எடுத்தார்’ என்று வருகிறது. யாருடைய முழங்காலை, எங்கே எடுத்துக்கொண்டு போனார் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். டெஸ்க்கில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘மண்டியிட்டார்’ போதும் என்கிறார்கள். அது எல்லா இடத்துக்கும் ஒக்கவில்லை.

இப்போது கையில் இருக்கிற ஐந்து வாக்கியம் இவை. தொடரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். (‘டுக்’ என்பது ‘டேக்’கின் இறந்தகாலம், ‘பிராட்’ என்பது ‘பிரிங்’கின் இறந்தகாலம்.)

1. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் குவார்ட்டர்பேக் ‘டுக் எ நீ’.
2. ஆட்டம் தொடங்குமுன் இரு அணி வீரர்களும் ‘டுக் த நீ’.
3. கூட்டணித் தலைமைக்கு ‘பெண்ட் த நீ’ செய்ய அவர் மறுத்தார்.
4. வேலைநிறுத்தம் துறைமுகத்தை ‘பிராட் டு இட்ஸ் நீஸ்’.
5. தடுப்பாட்டக்காரர் ‘டுக் எ நீ டு த ரிப்ஸ்’, வெளியே கொண்டுபோகப்பட்டார்.

ஐந்தாவது என்னவென்றே பிடிபடவில்லை. விலா எலும்புக்கு முன்னால் முழந்தாளிட்டாரா?

பத்மநாபபுரம்_இலக்கணம்:

முதலில் முழங்கால் ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். அடுத்து அதற்கு முன்னால் ‘எ’ நிற்கிறதா, ‘த’ நிற்கிறதா, ஒன்றுமில்லையா என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பன்மையில் ‘நீஸ்’ வந்து, கூடவே ‘பிரிங்’ அல்லது ‘ஃபோர்ஸ்’ வினை இருந்தால், அடி வாங்கிச் சாய்ந்த கதை. சாய்த்தவன் ஒருவன், சாய்ந்தவன் வேறொருவன். ஒருமையில் ‘பெண்ட் த நீ’ என்றால் காலை மடக்குகிறவன் அவனே. மனமில்லாமல் மடக்கியிருக்கலாம், ஆனாலும் மடக்குவதா வேண்டாமா என்கிற முடிவு அவனுடையது. அதனால்தான் இந்தத் தொடர் ‘மறுத்தார்’, ‘கடைசியில் இணங்கினார்’ போன்ற சொற்களோடு ஒட்டியே வரும். துறைமுகத்தால் எதையும் மறுக்க முடியாது. ஆகவே துறைமுகம் ‘பெண்ட் த நீ’ செய்யாது.

இதன் வேர் இடைக்கால ஐரோப்பாவின் விசுவாசச் சடங்கில் இருக்கிறது. நிலம் பெறுகிறவன் பிரபுவின் முன் முழந்தாளிட்டு, கூப்பிய இரண்டு கைகளையும் பிரபுவின் கைகளுக்கு நடுவே வைத்து, இனி உம் ஆள் என்று ஏற்க வேண்டும். பதிலுக்குப் பிரபு அவனைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது இளவரசர் வில்லியம் முன்னால் முழந்தாளிட்டு விசுவாசம் சொன்னது அந்தச் சடங்கின் மிச்சம்தான். நைட் பட்டம் வாங்குகிறவர் வலது முழங்காலை வைக்க ஒரு குட்டை இருக்கையே போட்டிருப்பார்கள்.

இந்த ஒருமை, பன்மை வேறுபாட்டை நம்ம ஊர்ச் சரித்திரத்திலேயே பார்க்கலாம். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்ததை ஆங்கிலத்தில் சொன்னால் ‘பிராட் த டச் டு தெயர் நீஸ்’, பன்மை. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவிடம் சேவகத்துக்கு ஒப்புக்கொண்டு, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்று பேரெடுத்து, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவர் சேவகத்தை ஏற்ற அந்த ஒரு செயல்தான் ‘பெண்ட் த நீ’. முதலாவது தோல்வி, இரண்டாவது விசுவாசம் மாறியது. இரண்டுக்கும் ‘மண்டியிட்டார்’ என்று போட்டால் நடுவில் நடந்தது முழுக்கக் காணாமல் போகும்.

இன்றைய அரசியல் செய்தியில் இது ஏறக்குறைய எப்போதும் ஏச்சு. யாரும் தன்னைப் பற்றிப் பெருமையாக இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. எதிராளிதான் சொல்வான். தமிழிலும் அந்தக் காரம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது வாக்கியத்தில் யாரும் முழந்தாளிடவே இல்லை. எதிராளியின் முழங்கால் அவர் விலாவில் இடித்திருக்கிறது. ‘டேக்’ என்பதற்கு அடி வாங்குதல் என்ற பொருளும் உண்டு. அடையாளம் எளிது: ‘எ நீ’-க்குப் பிறகு ‘டு த’ போட்டு உடலுறுப்பு வந்தால் அது அடி. தலை, விலா, வயிறு, தொடை எதுவானாலும் சரி.

தூத்தூர்_லெஃப்ட்பேக்:

முதல் வாக்கியத்துக்கு வாறேன். இது நம்ம கடற்கரையில் ஆடுகிற ஃபுட்பால் கிடையாது, அமெரிக்கக் கால்பந்து. குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) என்றாலே அதுதான். அந்த ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவர் தானாக ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த சுற்றைத் தொடங்க 40 வினாடி வரை எடுத்துக்கொள்ளலாம். முன்னிலையில் இருக்கிற அணி பந்தை வாங்கும், முழங்காலை ஊன்றும், எழும்பும், 40 வினாடியை உருட்டும், மறுபடி ஊன்றும். எதிரணியிடம் டைம்அவுட் (ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை) மிச்சமில்லையென்றால் மூன்று தடவையில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் போய்விடும். டைம்அவுட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் நிற்கும், கணக்கு மாறும். உங்கள் வாக்கியத்தில் ஒன்றரை நிமிடம் என்பதால் ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரிதான்.

இதற்குப் பின்னால் ஒரு பிரசித்தமான கூத்து உண்டு. 1978 நவம்பர் 19, நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 என்று முன்னிலை, மிச்சம் சில வினாடிகள். முழங்காலை ஊன்றியிருந்தால் வென்றாயிற்று. பந்தை இன்னொருவர் கையில் கொடுக்கப் பார்த்தார்கள், நழுவியது. பிலடெல்பியா ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்டு ஓடினார். 19-17, ஈகிள்ஸ் வெற்றி. அதற்குப் பிறகுதான் கடைசி நேரத்தில் முழங்காலூன்றுவதற்கென்றே தனி அணிவகுப்பு பரவியது. ஆக முதல் வாக்கியத்தில் இருப்பது முழுக்கத் தந்திரம். பணிவு, எதிர்ப்பு, காயம் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

இரண்டாவதுதான் எதிர்ப்பு, இனவெறிக்கு எதிரானது. சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸின் கோலின் கேப்பர்நிக் 2016 ஆகஸ்டில் தேசிய கீதத்துக்கு எழும்பாமல் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்த நேட் பாயர் என்ற ஆட்டக்காரரோடு பேசிய பிறகு, உட்காருவதை விட்டு, செப்டம்பர் 1 அன்று ஒரு முழங்காலை ஊன்றினார். உட்கார்ந்தால் படைவீரர்களுக்கு அவமரியாதையாகத் தெரியும், முழங்காலூன்றினால் மரியாதையும் இருக்கும், எதிர்ப்பும் தெரியும் என்பது யோசனை. இந்த ஒரு காரணத்துக்காகவே ‘மண்டியிட்டார்’ இங்கே தப்பு.

2020 மே 25 அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு இது உலகம் முழுக்கப் போனது. இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் ஜூன் 17-ல் மறுபடி தொடங்கியபோது ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்ட் யுனைட்டெட் ஆட்டத்தில் எல்லாரும் ஊன்றினார்கள். கிரிக்கெட்டில் அந்த ஜூலை சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து, வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். 2021 அக்டோபர் 24 துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்திய அணியும் ஊன்றியது, பாகிஸ்தான் வீரர்கள் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். இரண்டு நாள் கழித்து, கட்டாயம் ஊன்ற வேண்டும் என்று வாரியம் சொன்னதால் தென்னாப்பிரிக்காவின் குவின்டன் டி காக் அன்றைய ஆட்டத்திலிருந்தே விலகினார். பிறகு விளக்கம் சொல்லி, அடுத்த ஆட்டத்தில் ஊன்றவும் செய்தார்.

‘எ’, ‘த’ வித்தியாசம்: பெரும்பாலும் அமெரிக்கர் ‘டேக் எ நீ’ என்றும், பிரிட்டன் பத்திரிகைகள் எதிர்ப்பைச் சொல்லும்போது ‘டேக் த நீ’ என்றும் எழுதுவார்கள். ‘த’ வந்தால் எதிர்ப்பு என்று தைரியமாக எடுக்கலாம். ‘எ’ வந்தால் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு விஷயம் கூட. கிரிக்கெட் வர்ணனையில் ‘வென்ட் டவுன் ஆன் ஒன் நீ’ என்று வந்தால் ஸ்வீப் அடிக்கக் குனிந்திருக்கிறார் என்பதோடு சரி. அங்கே போய் இனவெறியைத் தேட வேண்டாம், கேட்டியளா.

கோட்டாறு_தெற்குத்தெரு:

மேலே இருவரும் ஆங்கிலப் பக்கத்தைப் பிரித்துத் தந்துவிட்டார்கள். தமிழ்ப் பக்கத்திலும் சம வேலை இருக்கிறது. நம்மிடம் இதற்குச் சொல் குறைவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை ஒட்டியிருப்பதுதான் தொல்லை.

‘மண்டியிடு’: தோல்வி வாடை. போர், பந்தயம், அரசியல் என்று எங்கே வந்தாலும் சரணடைந்தான் என்றே காதில் விழும். எதிர்ப்புச் செய்தியில் ‘வீரர்கள் மண்டியிட்டனர்’ என்று போட்டால், யாரிடம் தோற்றார்கள் என்று தேடுவார்கள்.

‘முட்டிபோடு’, நம்ம பக்கத்தில் ‘முட்டுக்குத்து’: பள்ளிக்கூட வாடை. வீட்டுப்பாடம் எழுதாதவன் வகுப்புக்கு வெளியே நிற்கிற காட்சி உடனே வந்துவிடும். ‘கேப்பர்நிக் முட்டிபோட்டார்’ என்றால் யாரோ தண்டனை கொடுத்ததாக ஆகும். தவிர, நம்ம மாவட்டத்துக்கு வெளியே ‘முட்டுக்குத்தி’ பலருக்குப் புரியாது. ‘முட்டு’ மட்டும் தனியாக எழுதினால் நமக்கே குழப்பம், கைமுட்டும் (முழங்கை) முட்டுதான். புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான்பாறையில் தேவசகாயம் பிள்ளை இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லப்படுவது கைமுட்டால்.

‘முழந்தாளிடு’, ‘முழந்தாள்படியிடு’, ‘முழங்காற்படியிடு’: கோயில் வாடை. கத்தோலிக்கர் முதலிரண்டையும், சி.எஸ்.ஐ. சபைக்காரர் கடைசியையும் அதிகம் சொல்வார்கள். ஜெபம், முடிசூட்டு, நைட் பட்டம், இவற்றுக்கெல்லாம் பொருத்தம். நற்கருணைக்கு முன் வலது முழங்காலை மட்டும் தரையில் தொட்டு எழும்புகிற வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஜெனுஃப்ளெக்ட்’ என்று தனிச்சொல்லே உண்டு. அதை ‘டேக் எ நீ’யோடு கலக்கக் கூடாது. செய்கை ஏறக்குறைய ஒன்று, சொல் வேறு.

எதிர்ப்புக்கு வாடை ஒட்டாத ஒரு சொல் வேண்டும். ‘முழங்காலூன்று’ என்பது என் தேர்வு. ‘ஊன்று’ என்பதில் ஒரு பிடிமானம் இருக்கிறது, விழுந்த தோற்றம் இல்லை. முதல் தடவை ‘ஒற்றை முழங்காலை ஊன்றி’ என்று விரித்துவிட்டு, பிறகு சுருக்கலாம்.

இலக்கணம் அவர்களின் ஒருமைக் கணக்கில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. 1 இராஜாக்கள் 19:18-இல், பழைய ஆங்கில வேதாகமம் பாகாலுக்கு முடங்காத முழங்கால்களைப் பன்மையில்தான் சொல்கிறது, தமிழும் அப்படியே. அதே வசனத்தைப் பவுல் ரோமர் 11:4-இல் எடுத்தாளும்போதுதான் ஆங்கிலத்தில் ஒருமை வருகிறது, ‘பௌட் த நீ’ என்று. எனவே பக்தி, ஜெபம் சார்ந்த இடத்தில் பன்மையைப் பார்த்து அடி வாங்கியதாக எடுக்க வேண்டாம். ‘ஆன் மை நீஸ்’ என்று ஒருவர் சொன்னால் ஜெபமாகவும் இருக்கலாம், கெஞ்சலாகவும் இருக்கலாம். ‘பிரிங்’ அல்லது ‘ஃபோர்ஸ்’ வினை இருந்தால் மட்டும் தோல்வி.

இன்னொன்று: ஆதியாகமம் 41:43-இல் யோசேப்பின் ரதத்துக்கு முன் கூறியதை ஆங்கிலம் ‘பௌ த நீ’ என்கிறது. நம்ம பழைய மொழிபெயர்ப்பு ‘தெண்டனிட்டுப் பணியுங்கள்’ என்று போட்டது. முழங்காலையே காணோம், ஆனால் கட்டளையின் கம்பீரம் வந்துவிட்டது. செய்தி வரி எழுதுகிறவர்கள் அந்தத் துணிச்சலைப் படிக்கலாம்.

உங்கள் ஐந்துக்கும் நான் போடுவது:

1. நேரத்தை ஓட்டுவதற்காக முழங்காலூன்றிச் சுற்றை முடித்தார்.
2. ஆட்டத்துக்கு முன் இரு அணியினரும் இனவெறிக்கு எதிராக ஒற்றை முழங்காலை ஊன்றினர். (‘இனவெறிக்கு எதிராக’ மூலத்தில் இருக்காது. தமிழில் அது இல்லாமல் நிற்காது, சேர்த்துவிடுங்கள்.)
3. கூட்டணித் தலைமைக்கு அடிபணிய மறுத்தார். (‘காலில் விழ மறுத்தார்’ வேண்டாம். நம்ம அரசியலில் அது நிஜமாகவே நடக்கிற காரியம், படம் எங்கே என்பார்கள்.)
4. வேலைநிறுத்தத்தால் துறைமுகம் முடங்கியது.
5. விலாவில் முழங்கால் இடி வாங்கியவரை வெளியே கொண்டுபோனார்கள்.

குழித்துறை_வரி:

ரொம்ப நன்றி, மூன்று பேருக்கும். நான்காவதில் ‘முடங்கியது’ என்று ஒரே சொல்லில் முடிந்ததைப் பார்த்து டெஸ்க்கே ஒப்புக்கொண்டது. இன்னும் இரண்டு சந்தேகம். அமெரிக்க ராணுவப் பயிற்சிப் படம் ஒன்றில் அதிகாரி ‘டேக் எ நீ, டிரிங்க் வாட்டர்’ என்கிறார். இது எந்தக் கணக்கு? பிறகு, ஒரு பிரிட்டன் அமைச்சர் பழைய பேட்டியில் டேக் த நீயும் கல்யாணமும் அரசியும் ஒரே மூச்சில் வருகிறது, தலை சுற்றுகிறது.

ஆரல்வாய்மொழி_காற்றாடி:

ராணுவ வாக்கியத்துக்கு ‘கொஞ்சம் இளைப்பாறுங்க, தண்ணி குடிங்க’. அவ்வளவுதான். ரோந்து போகும்போது சிறிது நேரம் நிற்க வேண்டிவந்தால் நின்றுகொண்டும் இருக்க மாட்டார்கள், படுக்கவும் மாட்டார்கள். ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, சுற்றிலும் கண் வைப்பார்கள். உருவம் சிறுக்கும், சுடவும் வசதி, உடனே எழும்பவும் முடியும். அதிலிருந்து ‘சற்று நிறுத்து’ என்ற பொருள் பேச்சுக்கு வந்தது. சிறுவர் அணிப் பயிற்சியாளர் ‘டேக் எ நீ’ என்று கூப்பிட்டால், சுற்றி வந்து உட்கார்ந்து நான் சொல்வதைக் கேளுங்கள் என்று பொருள். மைதானத்தில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்போது மற்றப் பிள்ளைகள் ஊன்றி நிற்பது மரியாதை. அலுவலகப் பேச்சில் வந்தால் ‘கொஞ்சம் ஓய்வெடு’. இந்த வகைக்கெல்லாம் முழங்காலைத் தமிழில் கொண்டுவரவே வேண்டாம். படத்தில் அவர்கள் ஊன்றுவது தெரியும்போது வரியிலும் ஏன் சொல்ல வேண்டும்?

அமைச்சர் டொமினிக் ராப், 2020 ஜூன். அப்போது வெளியுறவு அமைச்சர். டேக் த நீ ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்ததாகத் தோன்றுகிறது, தனக்கு அது அடிமைத்தனத்தின் அடையாளமாகப் படுகிறது என்றார். அரசிக்கும், கல்யாணத்துக்குக் கேட்டபோது மனைவிக்கும் தவிர வேறு யாருக்கும் முழந்தாளிட மாட்டேன் என்ற கருத்தில் பேசினார். அவர் மனதில் இருந்தது ‘பெண்ட் த நீ’, கேள்வி கேட்டவர் சொன்னது ‘டேக் த நீ’. பெரிய விமர்சனம் எழுந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1965 பிப்ரவரியில் செல்மாவில் ஊர்வலத்தாரோடு முழந்தாளிட்டு ஜெபித்த படத்தையெல்லாம் எடுத்துப் போட்டார்கள். இந்தப் பேட்டிக்குத் தமிழ் வரி எழுதும்போது மட்டும், கேட்டவர் வாயில் ‘முழங்காலூன்றுவீர்களா’ என்றும், அவர் வாயில் ‘மண்டியிட மாட்டேன்’ என்றும் வேறு வேறாகப் போடுங்கள். குழப்பம் அவருடையது, அதை நீங்கள் சரிசெய்து கொடுக்கக் கூடாது.

கல்யாணம் கேட்பதற்கு ‘ஒரு முழங்காலில் நின்று’ போதும், சினிமா பார்த்து எல்லாருக்கும் தெரியும்.

பத்மநாபபுரம்_இலக்கணம்:

கோட்டாறு சொன்ன திருத்தம் சரி, பக்திப் பன்மையை விலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனது ஒன்று: ‘ஆன் பெண்டட் நீ’. இந்த ‘பெண்டட்’ பழைய வடிவம். மற்ற இடங்களில் ‘பெண்ட்’ என்று ‘ட்’ சத்தத்தில் முடிகிற இறந்தகாலம்தான், இந்தத் தொடரில் மட்டும் பழசு உறைந்து நிற்கிறது. பொருள் மன்றாடுதல். ‘கெஞ்சிக் கேட்டார்’, ‘காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்’ இரண்டும் பொருந்தும், சூழலைப் பார்த்துப் போடலாம்.

காதால் கேட்டு எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு குழி. ‘நெல்ட்’ என்றால் முழந்தாளிட்டார். அமெரிக்கர் ‘நீல்ட்’ என்றும் சொல்வார்கள், அதே பொருள். ‘நீட்’ என்று கேட்டால் முழங்காலால் இடித்தார். மாவு பிசைவதற்கும் அதே ஒலி. ஒலியைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் இவற்றை மாற்றி மாற்றிப் போடும், ஒலியை ஒருமுறை நேரில் கேட்டுவிட்டு வரியைப் பூட்டுங்கள்.